உப்புப் பூத்த தரையில் ஒரு வெள்ளிக்கிழமை

அண்ணாச்சி, உங்கள் மெஷினை நேற்றுக் கொடுத்துவிட்டேன்.

அஜ்மான் கடையின் பின்பக்கம், பெயிண்ட் டின்களுக்குப் பின்னால் துணி சுற்றிச் சாத்தி வைத்திருந்தேன். கேட்டு வந்தவருக்குக் காட்டுவதற்காக பேட்டரி மாற்றினேன். பக்கத்தில் ஆணிப் பெட்டி இருந்திருக்கிறது. மெஷின் அன்று கத்திய அதே குரலில் கத்தியது. வந்தவர் சிரித்தார். நான் அணைக்கும் சுவிட்ச் எங்கே என்பதே மறந்துபோய் நின்றேன்.

நீங்கள் அல் குசைஸில் ஒரு கட்டடக் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். நான் ஹார்டுவேர் கடைக்காரன். சரக்கு எடுக்க வந்து பழகினோம். நீங்கள் தூத்துக்குடிப் பக்கம், நானும் அந்தக் கடற்கரைதான் என்று தெரிந்தபின் டீ வந்தது, பிறகு சாப்பாடு வந்தது. உங்கள் கம்பெனி வெள்ளைக்கார இன்ஜினியர் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது இந்த மெட்டல் டிடெக்டரை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்குமாம்.

"இத வச்சு என்ன அண்ணாச்சி லாபம்?" என்றேன்.

"எல்லாத்துலயும் லாபம் பாக்காதேயும் பாய். வெள்ளிக்கிழமை பூரா ரூம்ல படுத்துக் கெடக்கீரே, அதுல என்ன லாபம் கண்டீரு?"

அப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் உங்கள் பிக்கப்பில் உம்முல் குவைன் தாண்டிப் போவோம். ஆட்கள் விட்டுப்போன பழைய கடலோரக் குடியிருப்புகள். பவளக்கல் சுவர்கள் இடுப்பளவுக்கு நிற்கும். நீங்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தரையைத் தடவிக்கொண்டே நடப்பீர்கள், நான் கரண்டியோடு பின்னால் வருவேன். கிடைத்ததெல்லாம் சோடா மூடி, மத்தி டின், வலையில் கட்டும் ஈயக்குண்டு, துருப்பிடித்த தோணி ஆணி. ஆனாலும் சத்தம் கேட்டதும் உங்கள் முகம் மாறும் பாருங்கள், முதல் தடவை விமானம் ஏறியவன் மாதிரி. ஜும்மாவுக்கு முன்னால் என்னைப் பள்ளிவாசல் வாசலில் இறக்கி விட்டுவிட்டுத்தான் ரூமுக்குப் போவீர்கள். அதில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

ஒரு நாள் செம்புக்காசு ஒன்று கிடைத்தது. எச்சில் தொட்டுத் துடைத்தால், ஒரு பக்கம் வெள்ளைக்கார ராஜா தலை, மறுபக்கம் கால் அணா. நீங்கள் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தீர்கள்.

"ஏ பாய், நமக்கு முன்னாலயே நம்மூர்க் காசு விசா இல்லாம வந்து கெடக்கு வே!"

இதை வாங்க ஆள் இருக்கிறது, பேசி முடிக்கிறேன் என்றேன். நான் வியாபாரி, வேறு என்ன சொல்வேன்? "மண்ணு அவங்க மண்ணு, குடுத்துருவோம். நமக்கு அந்தச் சத்தம் போதும்" என்று நேராக மியூசியத்துக்கு வண்டியை விட்டீர்கள். அங்கே இருந்த அரபி நமக்குக் கஹ்வா, அவர்கள் ஊர்க் காப்பி, ஊற்றிக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை, மழை பெய்து ஓய்ந்த வாரம். தூரத்தில் ஒரு மேடு, அதில் பழைய சுவர்கள். நடுவே வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த தரை.

"போலாமா அண்ணாச்சி?"

"உப்பளத்துலயே பொறந்து வளந்தவன்கிட்ட கேக்கீரா? உப்புப் படிஞ்ச தரை சிமெண்டு மாதிரி வே."

நானும் அதையேதான் நம்பினேன். நம் ஊர் உப்புப் பாத்தி, ஆட்கள் மிதித்து மிதித்து இறுக்கிய தரை. இங்கே உப்பு என்பது சேற்றின் மேல் படிந்த ஏடு. அதை நமக்கு யாரும் சொல்லவில்லை. பாதி தூரத்தில் ஏடு உடைந்து, வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது.

இரண்டு பேரும் தோண்டினோம். பலகை வைத்தோம், சாக்கு போட்டோம். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. நீங்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டு டயரில் சாய்ந்து உட்கார்ந்தீர்கள். உங்களைத் தூக்கப் பார்த்தேன். இருவர் பாரத்துக்கு என் கால் முழங்கால் வரை புதைந்தது. அப்போது என் இடுப்பில் பேஜர் அலறியது. யாரோ ஒரு வாடிக்கையாளர் நம்பர், ஏதோ குழாய் விலை கேட்கத்தான் இருக்கும். உலகத்தில் எவன் வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடலாம். நான் ஒருவனையும் கூப்பிட முடியாது.

உங்களை விட்டுப் போனால் நீங்கள் தனி. போகாவிட்டால் ஆள் வர வழியில்லை. துறைமுகத்தில் மாட்டிய சரக்கைப் பேசியே வெளியே எடுப்பவன் நான். அங்கே பேசுவதற்கு எதிரே ஒருவரும் இல்லை.

நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். "நீரு போய் ஆளக் கூட்டிட்டு வாரும். நான் எங்க போவப் போறேன், இங்கனதான இருப்பேன்."

ரோட்டுக்கு ஓடினேன். ஓட்டமா அது, விழுந்து விழுந்து எழுந்ததுதான். ஒரு பட்டாணிய இனத்து லாரிக்காரர் என் கோலத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஜல்தி, பாய், ஜல்தி" என்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் அவர்தான் நடந்தார். கிட்டே போகும்போதே மெஷின் சத்தம் கேட்டது. நான் போனபின் நீங்கள் எடுத்துப் போட்டிருக்க வேண்டும், ஹெட்போன் கழன்று அணைக்காமல் வண்டி ஓரமாகக் கிடந்தது. இரும்பைக் கண்டு கத்திக்கொண்டே இருந்தது. சொன்னபடி நீங்கள் அங்கேயேதான் இருந்தீர்கள். லாரிக்காரர் உங்கள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்து உங்கள் முகத்தை மூடினார்.

இப்போது என் பையில் மொபைல் இருக்கிறது, அண்ணாச்சி. அன்று ஊரிலிருந்து உங்கள் வீட்டம்மா போனில் கேட்டார்கள்: "கடைசியா என்ன சொன்னாங்க பாய்?" சொன்னேன். "உசுரு போகும்போது பக்கத்துல யாரு இருந்தா?" என்று திரும்பக் கேட்டார்கள்.  

மெஷினைக் கேட்டு வந்தவர் இங்கே ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார், நாகப்பட்டினத்துக்காரர். விலை கேட்டார். காசு வேண்டாம், நான் சொல்கிறபடி நடந்தால் போதும் என்றேன். கிடைப்பது மியூசியத்துக்கு. வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. இரண்டு பேராகப் போகவே கூடாது, மூன்று பேர் வேண்டும்.

"அது எதுக்கு பாய் மூணு பேரு?"

ஒருவர் ஓட, ஒருவர் கூட இருக்க என்றேன். மூன்றாவது ஆள் கிடைக்காத வெள்ளிக்கிழமைகளில் நான் வருவதாகப் பேச்சு.