கட்டை எடுக்க வந்த சவுரிராயன்

திண்டிவனம்
தாரண வருஷம் ஆவணி 18

சிரஞ்சீவி வெங்கடாசலத்துக்கு அம்மா கோவிந்தம்மாள் ஆசி சொல்லி எழுதிக்கொண்டது. அங்காளம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் உன் தங்கை அம்சாவும் கறவை மாடும் இங்கே சுகம், ஜபல்பூரில் நீயும் மருமகள் ஜெயமும் சுகமா என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அந்த ஊர் கோதுமை ஜெயத்தின் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறாய், நீ எழுதுவதை நான் நம்பமாட்டேன், அவள் கையால் ஒரு வரி எழுதச் சொல். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். அம்சாவிடம் சொல்லி எழுதினால் பாதியை விழுங்கிவிடுவாள், உன் அப்பாவிடம் சொன்னால் நான் சொல்லாததையும் சேர்த்துவிடுவார். உறையின் ஓரம் ஈரம் பட்ட மாதிரி இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள். யுத்த காலத்தில் சர்க்கார்தான் பிரிக்கிறது என்கிறார்கள், எனக்கென்னவோ நம் தபால்காரன் மேல்தான் சந்தேகம்.

நீ தை மாதம் லீவில் வரும்போது தங்குவதற்குத் தோட்டத்துப் பக்கம் ஒரு அறை போடச் சொல்லி அப்பாவுக்கு எழுதினாய். போன வருஷம் புயலில் சாய்ந்து நாம் வெட்டிப்போட்ட பூவரச மரத்தின் அடிக்கட்டை நடுவில் நிற்கிறது, அதை வேரோடு எடுத்துவிட்டு அஸ்திவாரம் போடுங்கள் என்றும் எழுதினாய். அவரும் தலையாட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் மேல் கோபமில்லை, அந்த மரம் ஏன் அங்கே வந்தது என்று உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன், நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. உனக்கு முன்னால் எனக்கு ஒரு பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. பேர் வைக்கும் நாள்கூட வரவில்லை, மாரில் சளி கட்டி மூச்சு முட்டிப் போய்விட்டது. தலைச்சன் பிள்ளை போனால் நம் பக்கத்தில் ஊருக்கு வெளியே புதைக்கப் பயப்படுவார்கள், மந்திரக்காரன் தோண்டியெடுத்து மை காய்ச்சிவிடுவான் என்று. அதனால் உன் அப்பா தோட்டத்திலேயே குழி வெட்டிப் புதைத்துவிட்டு அதன்மேல் பூவரசங்கிளை ஒன்றை வெட்டி நட்டார், மரம் நிற்கிற இடத்தில் எவனும் மண்வெட்டி போடமாட்டான் அல்லவா. அடுத்து நீ வந்தாய். பின்னால் பிறந்த பிள்ளையிடம் முன்னால் போனதைப் பேசக்கூடாது என்றார்கள், நாங்களும் பேசவில்லை. புயலில் மரம் போனபோதே எனக்கு வயிறு எரிந்தது, கட்டையாவது இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். இதையெல்லாம் உன் அப்பாவிடம் சொன்னால், "இத்தினி வருசத்துல அங்க இன்னாடி இருக்கப்போவுது, மண்ணு மண்ணோட கலந்திருக்கும், புள்ள ஆசையா கேக்குறான்" என்கிறார். அவர் சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், அதையும் பார்த்தேன்.

மறுநாளே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பேர் சவுரிராயன், பிரம்மதேசத்து வேதக்காரன், மாதா கோயில் ஆள், வீட்டுத் தோட்டங்களில் நிற்கிற அடிக்கட்டைகளைப் பெயர்த்து எடுப்பதுதான் அவனுக்குத் தொழிலாம். கூலி வேண்டாம், கட்டையைக் கொடுத்தால் போதும் என்றான். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிறது, அதனால் கட்டைக்குக் கிராக்கி என்று உன் அப்பா எனக்குப் பாடம் சொன்னார். கூலி வேண்டாம் என்கிறவனை நான் என்றைக்கும் நம்பியதில்லை. அவன் கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தான், கடப்பாறையின் அடிப்பக்கத்தால் தரையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். பிறகு என்னைப் பார்த்து, "இது வெதை போட்டு வந்த மரமா, கெளை நட்டதாம்மா? ஆரு நட்டது?" என்றான். கட்டை எடுக்கிறவனுக்கு நட்டவன் யார் என்று எதற்கு? அதோடு விட்டானா, "கீழ ஏதாச்சும் பொதைச்சி கிதைச்சி வெச்சிருக்கீங்களா, சொல்லிடுங்கம்மா" என்றான். ஒன்றுமில்லை என்றேன். நம்பாதவன் மாதிரி இன்னொரு தரமும் கேட்டான். எப்போது வருவாய் என்று உன் அப்பா கேட்க, அமாவாசை அன்றைக்குத்தான் வருவேன், வேறு நாளில் தோதுப்படாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? பக்கத்து வீட்டு அஞ்சம்மாளிடம் சொன்னேன், அந்தப் பிள்ளை பிறந்தபோது என்னோடு இருந்தவள் அவள். "அமாசைல வர்றவன் கட்டைக்கா வர்றான்? ஜல்தியா எதுனா பண்ணுடி" என்று அவளும் எண்ணெய் ஊற்றினாள்.

அமாவாசையன்று பொழுது விடிந்ததும் இரண்டு ஆட்களோடு வந்துவிட்டான். கட்டையைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்தார்கள். பக்கத்து வேர்களைக் கோடாலியால் துண்டு போட்டார்கள். ஒவ்வொரு வெட்டும் எனக்கு நெஞ்சில் விழுந்தது. சவுரிராயன் குழியில் இறங்கிக் கட்டைக்கு அடியில் கடப்பாறையை விட்டு நெம்பப் போனான். அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, ஓடிப்போய்க் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா, "எழுந்திரு கோவிந்து, ஊரு சிரிக்குது" என்று கையைப் பிடித்து இழுத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, குழியில் நின்றவனைப் பார்த்து, "எம் புள்ளைய தோண்டி மை காய்ச்சத்தானே வந்திருக்கற?" என்று கத்திவிட்டேன். தெருவே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறி வந்தான். முன்பு ஒரு வீட்டில் புதைத்து வைத்திருந்த பானையில் கடப்பாறை பட்டு உடைந்து, புதையலைத் திருடிவிட்டாய் என்று அவனைக் கட்டிவைத்து அடித்தார்களாம், அதிலிருந்து எந்த வீட்டிலும் கேட்காமல் மண்ணில் கை வைப்பதில்லையாம். விதை போட்ட மரம் என்றால் ஆணிவேர் ஆழமாக இருக்கும், அதற்காகக் கேட்டானாம். "அமாசைல ஏரு கட்ட மாட்டாங்க, அன்னிக்குத்தாம்மா எனக்கு ஆளு கெடைக்கும்" என்றான். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டிலும்தான் அமாவாசையில் ஏர் கட்டுவதில்லை, இத்தனை நாள் பயிர் வைக்கிற வீட்டில் வாழ்ந்தும் அது எனக்குத் தோன்றவே இல்லை பார். பிறகு அவன் என்னிடம் ஒன்றும் கேட்காமல், வெட்டிய மண்ணைத் திரும்பத் தள்ளச் சொன்னான். ஆள் ஒருவன் மண்ணை மிதித்து இறுக்கப் போனான், "கால வெக்காதடா" என்று அதட்டிவிட்டுத் தானே குந்தி உட்கார்ந்து கையால் தட்டித் தட்டி மூடினான். அறுத்த வேர்களைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்த இடம் என்று நானே அல்லவா வாயால் காட்டிக்கொடுத்துவிட்டேன்! நல்லவன் வேஷம் போட்டு இடத்தைத் தெரிந்துகொண்டு போயிருந்தால்? அதிலிருந்து தோட்டத்தில் நாய் குரைத்தால்கூட எழுந்து ஓடினேன். உன் அப்பா பேஜார் பிடித்த பொம்பளை என்று திட்டிவிட்டு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் மரக்காணம் போகிற கரி பஸ்ஸில் ஏறி பிரம்மதேசத்துக்கே போய், அவன் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவன் இல்லை, அவன் பெண்சாதி அருளாயி கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே உறியில் கறுப்பாக ஒரு சட்டி தொங்கியது, தண்ணீர் கேட்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன், கருவாட்டுக் குழம்பு. திரும்பும்போது பார்க்கிறேன், வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு வேப்பங்கட்டை. ஊரிலுள்ள கட்டையையெல்லாம் பெயர்க்கிறவன் வீட்டில் கட்டையா என்று எனக்கு மறுபடியும் சந்தேகம். இதை ஏன் விட்டுவைத்திருக்கிறான் என்று நேராகவே கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க திண்டிவனத்தம்மாவா?" என்றாள். பிறகு சொன்னாள். அவளுக்கும் முதல் பிள்ளை தங்கவில்லை. சாமியார் வந்து ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்பே போய்விட்டதால் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரவில்லையாம். "இத மட்டும் தொட மாட்டாரும்மா, அன்னிக்கி உங்க வூட்லேர்ந்து வந்து சோறு துன்னல" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. மோர் கொடுத்தாள், வாங்கிக் குடித்தேன். வேதக்காரர் வீட்டில் குடித்தேன் என்று அஞ்சம்மாளுக்கு மட்டும் எழுதிவிடாதே.

அறையைக் கிணற்றுப் பக்கமாகத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டேன், கொஞ்சம் சிறிதாகத்தான் இருக்கும், ஜெயம் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள். கொத்தனார் சுண்ணாம்பில் மண்ணைக் கலக்கிறானா என்று தினம் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். நீ வேலை செய்கிற பட்டறையில் நெருப்புப் பக்கம் ஜாக்கிரதை, யார் வந்து கைமாற்று கேட்டாலும் கொடுக்காதே, ஜெயத்தைத் தனியாகச் சந்தைக்கு அனுப்பாதே. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், உன் வீட்டில் பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் தங்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே தங்கள் மூத்த மகன் வெங்கடாசலம் என்று எழுதுகிறாய். உன் அப்பா அதை உரக்க வாசிக்கும்போதெல்லாம் நான் அடுப்பு ஊதுகிற மாதிரி உள்ளே போய்விடுவேன். இனிமேல் தங்கள் மகன் என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
மூன்று பிள்ளை பெற்ற உன் அம்மா
கோவிந்தம்மாள்