திரையில் வந்து மறைந்த வரி

வெள்ளிக்கிழமை, இரவு.

காலையில் திருமணத் தளத்தில் அந்த நாவலூர்ப் பையனின் ப்ரொஃபைலைத் திறந்தேன். படமும் நிறமும் வருவதற்கு முன் வெறும் எழுத்தாக விரிந்தது. நடுவில் ‘விவாகரத்து ஆனவர்’ என்று ஒரு வரி. கண் இமைப்பதற்குள் பக்கம் ஒழுங்காகி, அந்த வரி காணாமல் போனது.

மகள் ஷைனியிடம் சொன்னேன். சிரித்தாள்.

“அப்பா, எல்லா வரியும் முதல்ல வந்துடும். எதைக் காட்டணும், எதை மறைக்கணும்னு சொல்ற ஃபைல் பின்னாடிதான் வரும். நம்ம வீட்டு நெட் ஸ்லோ, அதான். எல்லார் ப்ரொஃபைல்லயும் அந்த வரி இருக்கும்.”

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள்தான். ஆனால் அவன் போட்டோவை அவள் திரும்பத் திரும்பப் பார்த்ததை நானும் பார்த்தேன். பிடித்துப்போனவனுக்கு வக்காலத்து வாங்குகிறாளோ?

அவள் ஆபீஸ் போனதும் அவளுடைய ப்ரொஃபைலையே திறந்தேன். அதே வரி, இன்னும் கல்யாணமே ஆகாத என் பெண்ணின் பெயருக்குக் கீழே. வந்தது, மறைந்தது.

பையன்மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. தூக்கம்தான் வரவில்லை. போன மாதம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு வரன் வந்தது. “ப்ரொஃபைலைப் பார்த்துட்டுச் சொல்றோம் சார்” என்றார் பையனின் அப்பா. அதற்கப்புறம் நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

அவர்கள் வீட்டில் நெட் எப்படியோ?