மாலை இறங்குவதற்குள்

கார்த்திகை 9, செவ்வாய்

பனி. எட்டு மணி வரைக்கும் மலையே தெரியல. துணி காயாது இன்னிக்கு.

அவரு ஐயப்ப மாலை போட்டு ஒன்பதாம் நாள். விடியற நாலு மணிக்குப் பச்சைத்தண்ணி. ரெண்டு வேளை சரணம். கறி, சாராயம், கை, மூணும் நிறுத்தம். என்னை சாமிங்கறார். காவ்யாவை சாமிங்கறார். தெரு நாயைக்கூட.

காவ்யா கேக்கறா: "அப்பா ஏம்மா வருஷம் பூரா மாலை போட்டுக்கினு இருக்கக் கூடாது?" பதிமூணு வயசு.

ஐப்பசிக் கணக்கு, பழைய நோட்டு நனைஞ்சதால திரும்ப எழுதறேன்:
2: செருப்பு. குழம்புல உப்பு.
8: பெல்ட். காரணம் தெரியல.
15: இடது கன்னம், காதோட சேத்து. தலகாணியில ரத்தம். அதுலருந்து அந்தக் காதுல பேச்சு ஏறல, ஈ சத்தம்தான்.
16: காதுக்கு எண்ணெய் காய்ச்சி விட்டது அவரேதான். அழுதுக்கினே.
27: முடியப் பிடிச்சு நிலைக்கதவுல.

இருமுடி கட்டறது மார்கழி 12. மலைக்குப் போய் வந்து மாலை எறக்க 17. அதுக்குள்ள ஒரு கோர்ஸ்ல சேந்து இந்த வூட்ட விட்டுப் போயிடணும். இல்லன்னா அடுத்த மாலையப் பாக்க நான் இருக்க மாட்டேன்.

கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலைக்குத்தான் படிக்கணும், கெட்டுப் போன மெஷின நேர்லயும் போன்லயும் சரி பண்ணித் தர்றது. மகளிர் குழுக் கணக்கு அடிக்க நூர்ஜஹான் அக்காவோட ஜெராக்ஸ் கடைக்குப் போளூர் போய்ப் போய், சர்வீஸ்காரர் பண்றதப் பாத்தே கத்துக்கினேன். பேப்பர் சிக்கினா எடுக்க, பிரிண்டர் மாத்த, மெஷினு ஒரேயடியா நின்னா எழுப்ப. படிச்சது பத்தாவது. அக்கா சொல்றாங்க: "அந்த ஆளு மாசம் வந்து டீ குடிச்சிட்டுப் போறான் மகேசு. வேலையெல்லாம் நீ பண்ற. படிச்சேன்னு கையில ஒரு பேப்பரு மட்டும் இருந்தா போதும்மா உனக்கு."

மூணு வழி.
1. போளூர் சென்டர். மூணு மாசம். பஸ்ல போய் வரணும், ராத்திரி இங்கதான்.
2. வேலூர். இலவசம், ஆறு மாசம், பெண்களுக்கு ஹாஸ்டல். சோதனை வெச்சு எடுப்பாங்க.
3. போன்லயே படிக்கறது. மலையடியில சிக்னலும் இல்ல, போனும் என்னிக்கு வரைக்கும்னு தெரியாது.

கார்த்திகை 11, வியாழன்

வெயில் வந்தது. ரேஷன் வாங்கப் போறேன்னு போளூர். ரேஷனும் வாங்கினேன், பொய் ஆகக் கூடாது.

சென்டர்ல ஏசி, பெரிய போர்டு, "வேலை உறுதி". உக்கார வெச்ச பொண்ணு நல்லாப் பேசிச்சு. நான் ரெண்டு கேள்வி கேட்டேன்.

"போன தடவ படிச்சவங்க இப்ப எங்க வேலை பாக்கறாங்கம்மா?"

"நெறைய பேர் மேடம். சென்னை, பெங்களூரு."

"ஒருத்தர் பேர் சொல்லுங்க."

சிரிச்சிச்சு.

"மெஷின் கழட்டிக் காட்டுவீங்களா? ஸ்க்ரூ டிரைவர் எங்க வெச்சிருக்கீங்க?"

கழட்டினா கம்பெனி வாரண்டி போய்டுமாம், வீடியோல காட்டுவாங்களாம். மெஷினுங்க மேல பிளாஸ்டிக் உறைகூட எடுக்கல. வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்.

போறப்ப ஒரு ரிஜிஸ்டர நீட்டிச்சு. பேர், ஊர், படிப்பு, என் நம்பர். கடைசிக் கட்டம் "கணவர் / தந்தை செல்". கட்டம் காலியா இருந்தா என் கை நிக்காது. எழுதிட்டேன். பஸ்ல ஏறி உக்காந்தப்புறம்தான் தோணுது, எழுதிக் குடுத்தது அவரு நம்பரு.

கார்த்திகை 13, சனி

வலது கையாலதான் எழுதறேன், அது நல்லாத்தான் இருக்கு. இடது மணிக்கட்டு வீங்கிப் போச்சு.

அந்தப் பொண்ணு அவருக்குப் போன் போட்டிருக்கு. சின்ன யானை வண்டியில புளி மூட்டை ஏத்திக்கினு மலையிலருந்து எறங்கறார், பக்கத்துல கூட மாலை போட்ட ரெண்டு சாமிங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கார். "மகேஸ்வரி மேடம் ஹஸ்பெண்டுங்களா? மேடம் கோர்ஸ்ல எப்ப சேர்றாங்க?"

ஒரு சாமி சொன்னாராம்: "இன்னா சாமி, வூட்டு சாமி வேலைக்குக் கெளம்பிட்டாங்க போல. இனிமே நீ சோறாக்கு சாமி."

வந்தார். கத்தல. காவ்யாவ வெளிய போகச் சொன்னார். பூஜை மாடத்துக்கு முன்னாடி நின்னு கன்னத்துல போட்டுக்கினு மாலையக் கழட்டி ஆணியில மாட்டினார். மாடத்துத் திரைய இழுத்து விட்டார், சாமி பாக்கக் கூடாதுன்னு. அப்புறம் மூட்டை கட்டற கயிறு. முதுகு, தோள், தடுத்த கை. என் போனை அம்மி மேல வெச்சுக் குழவியால. நாலு அடியில தூள்.

முடிச்சிட்டுக் குளிச்சார். சரணம் சொல்லி மாலையப் போட்டுக்கினார். திரையத் தெறந்தார். "சாமி, சோறு போடுங்க"ன்னார்.

போட்டேன்.

காவ்யா வெளிய போகல, ஜன்னல்ல நின்னிருக்கா. முருங்கைக்காய் எடுத்து வெச்சுட்டுச் சோத்த மட்டும் சாப்ட்டா.

பதினாறு வருஷமா இந்த மாடத்துல வெளக்கு ஏத்தறேன். திரைக்குப் பின்னால இருந்தா தெரியாதா சாமிக்கு? கேக்கறது தப்புன்னா மன்னிக்கணும். ஆனா கேக்கறேன்.

கார்த்திகை 16, செவ்வாய்

தூறல். அரிசி ஊற வெச்சேன்.

அவருக்கு மாலை போட்டு விட்ட குருசாமி வூட்டுக்குப் போனேன். இவரு பயப்படற ஒரே ஆளு. நடந்ததச் சொன்னேன்.

முதல் கேள்வி: "மாலைய எங்கம்மா வெச்சான்?"

"ஆணியில."

"தரையில படலையே?"

"படல சாமி. என் கை வீங்கி..."

"அது எறங்கிடும்மா. நீ எதுத்துப் பேசினியா?"

பரிகாரம் சொல்லி அனுப்பினார்: நூத்தியெட்டு சரணம், அஞ்சு சாமிக்கு அன்னதானம். இன்னொரு தடவ மாலையக் கழட்டினா இருமுடி கட்ட மாட்டேன்னு இவர்கிட்ட கண்டிச்சும் சொன்னாராம். மாலைக்குப் பரிகாரம் இருக்கு. கைக்கு இல்ல, காதுக்கு இல்ல.

இன்னிக்கு சாயங்காலமே அஞ்சு சாமிக்கும் ஆக்கினது நான். ஒத்தக் கையால. பாயசம் நல்லாருக்குன்னாங்க.

ராத்திரி அவர் சொன்னது ஒரே வார்த்தை: "மாலை எறங்கட்டும்டி."

காய் நறுக்கறப்ப அருவாமனை ஒரு கழுத்துல எறங்கற மாதிரி தெரிஞ்சுது. அவர் கழுத்து. எழுதறதுக்கே பயமாருக்கு. ஆனா தெரிஞ்சுது.

கார்த்திகை 24, புதன்

நூர்ஜஹான் அக்கா வூடு, போளூர்.

வூட்டுக்குத் தூரம் ஆனா மாலை போட்டவங்க கண்ணுல படக் கூடாது. மூணு நாள் வேற வூட்ல இருக்கணும். அவரே துரத்தி விட்டார். ஒரு நாள் முன்னாடியே தூரம்னு சொல்லிட்டேன். அந்த ஒரு நாள் பொய், என் கணக்குல.

அக்கா இட்டுக்கினு போக வேலூர். முதல்ல பெரியாஸ்பத்திரி. டாக்டரம்மா வெளக்கு அடிச்சுப் பாத்துச்சு. காது சவ்வுல ஓட்டை. "விழுந்தீங்களா?" "இல்ல, விழல." முதல் தடவையா அப்படிச் சொன்னேன். எழுதிக் குடுத்துச்சு.

அப்புறம் கோர்ஸ் ஆபீஸ். மேசை மேல பழைய மெஷின். போட்டா பீப் பீப்னு கத்துது, திரை வரல. ஒரு மேடம் ஸ்க்ரூ டிரைவரக் கையில குடுத்து, "பாருங்க"ன்னாங்க. கரண்ட்ட எடுத்துட்டு, தெறந்து, ரேம் மெமரி அட்டையக் கழட்டி, பென்சில் ரப்பர்ல அதோட பித்தளப் பல்லத் தேய்ச்சு, திரும்பச் சொருகினேன். வந்துச்சு. மணிக்கட்டு வலியில கண்ணுல தண்ணி. சந்தோஷம்னு நெனச்சிருப்பாங்க.

"போன்ல ஒருத்தர் கெட்ட வார்த்தையில கத்துறார். இன்னா பண்ணுவீங்க?"

"குறுக்கப் பேச மாட்டேன் மேடம். கத்தி முடிக்கப் போறது மூச்சுல தெரியும். அப்ப ஒரே ஒரு கேள்வி கேப்பேன், சின்னதா, பதில் சொல்ற மாதிரி."

"எங்க பழகினீங்க?"

"வூட்ல."

பேனாவக் கீழ வெச்சாங்க. இடது காது கேக்காதுன்னு நானே சொன்னேன். "ஒத்தக் காது ஹெட்செட் இருக்கு, வாங்கிக்கலாம்"னாங்க.

எடம் கெடச்சிடுச்சு. மார்கழி 14 திங்கள் சேரணும். ஹாஸ்டல்ல புள்ள கூடாது. காவ்யா செங்கத்துல என் அக்கா வூட்டுக்கு. லெட்டர நூர்ஜஹான் அக்காகிட்டயே விட்டுட்டேன்.

கார்த்திகை 28, ஞாயிறு

என் பர்ஸைக் குடைஞ்சிருக்கார். வேலூர் பஸ் டிக்கெட். கணக்குக்குன்னு ஒரு டிக்கெட்டும் தூக்கிப் போடாத பழக்கம் எனக்கு.

"தூரத்துக்குப் போளூர்ல இருந்தவளுக்கு வேலூர்ல இன்னாடி வேலை?"

"காது டாக்டர்."

"பொய்." கை கழுத்துக்குப் போச்சு, மாலையக் கழட்ட.

நான் எந்திரிச்சேன். எப்படின்னு தெரியல. கழுத்துல இருந்த மாலைய ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சேன். துளசி மணி உள்ளங்கையில குத்துது.

"கழட்டாதீங்க சாமி. போட்டுக்கினே அடிங்க. திரையும் வேணாம்."

அவர் மூச்சு என் மூஞ்சியில. கை மேல போனது போன எடத்துலயே நின்னுச்சு. எவ்ளோ நேரம்னு தெரியல. காவ்யா வாசல்ல நின்னு சத்தமா "சாமியே சரணம்"னா. தெருவுக்கே கேக்கற மாதிரி. திரும்பத் திரும்ப.

கை எறங்கிச்சு. விட்டேன். அவர் காலால அடுப்பு மேல கொதிச்ச சோத்துப் பானைய எத்தினார். கஞ்சி என் வலது பாதத்துல. தோல் உறை மாதிரி வந்துச்சு.

கால் கணக்குல வராது போல, விரதத்துல.

மார்கழி 12, சனி

பஸ்ல எழுதறேன், எழுத்து ஆடும்.

விடியக் கோலம், பொங்கல். இருமுடி கட்டினாங்க கோயில்ல. குருசாமி தேங்காயில நெய் ஊத்தினார். நான் மூணு கைப்பிடி அரிசி போட்டேன். எல்லாரும் சாமி கால்ல விழுந்தாங்க. நானும் விழுந்தேன், பாதத்துத் துணிக்கட்டோட. மாலை போட்ட கால்ல விழறது சாமிக்கு. அவருக்கு இல்ல.

எந்திரிக்கறப்ப குனிஞ்சு என் காதோரம் ஏதோ சொன்னார். இடது காது. கேக்கல. உதடு மட்டும் தெரிஞ்சுது.

வூட்டு வாசல்ல தேங்காய் ஒடச்சார். போய்ட்டு வர்றேன்னு சொல்லக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது, அது மொறை. சொல்லல. பாக்கல. வேன் திருப்பத்துல மறைஞ்சுது.

மாடத்துல வெளக்கு ஏத்தினேன், எண்ணெய் முட்ட ஊத்தி. திரையக் கழட்டி மடிச்சு வெச்சேன். சாமை டப்பாவுக்குள்ளருந்து பத்தாவது மார்க் ஷீட், இந்த நோட்டு, டாக்டரம்மா சீட்டு.

காவ்யா பையத் தூக்கிக்கினு வாசல்ல நின்னா. "பக்கத்து வூட்ல போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டு வரட்டாம்மா?"

"வேணாம். அது சொல்லக் கூடாது."

ஒடஞ்ச காயத் தாண்டி எறங்கினோம். செங்கம் பஸ் 2.40.