வலை இல்லாத இடத்தில் உயர்ந்த சிவப்புச் சட்டை

மச்சான்,

இன்று காலை திமிங்கிலம் பார்த்துவிட்டு நம் படகிலிருந்து இறங்கிய ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதென்ன மணம்?" என்று கேட்டாள். திமிங்கிலத்தின் மூச்சு. அழுகிய மீனும் உப்பும் கலந்த நாற்றம். உடுப்பில் பட்டால் இலேசில் போகாது. பதில் சொல்லிவிட்டுக் கடைக்குள் வந்து உட்கார்ந்தேன். பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. நீ இல்லாத இரண்டாவது பங்குனி இது.

நீ சிவப்புச் சட்டையை உயர்த்திய அன்று நம் படகில் வந்தது அந்தக் கனடாத் தமிழ்த் தம்பதி. கென்யாவில் சிங்கம், நோர்வேயில் வெண்கரடி என்று தேடித்தேடிப் பார்த்தவர்கள். நீலத் திமிங்கிலம்தான் மிச்சம். அவர்கள் ஊருக்குப் போய் நல்லதாகச் சொன்னால் அடுத்த பருவம் முழுக்க ஆள் வரும் என்பது என் எண்ணம்.

கோணேசர் மலைக்கு வெளியே, கரை மங்கிய இடத்தில் தாயும் குட்டியும் மேலே வந்து மூச்சை ஊதின. மற்றப் படகுகளும் கண்டுவிட்டன. எல்லாப் பக்கத்தாலும் வந்து வளைத்தன. தாய் ஆழத்துக்குப் போய்விடும். குட்டிக்கு மூச்சுப் போதாது. அது மேலே வந்தால் எதிரே ஒரு படகு, திரும்பினால் அங்கேயும் ஒன்று.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கோ அண்ணை," என்றார் அந்தப் பெண்.

"விடடா மச்சான், நாங்க மட்டும் ஏன் பின்னுக்கு நிக்கிறது?" என்றேன் நானும்.

"வாயை மூடு முதலாளி. தாய் கீழ கிடக்குது. அது எழும்பினா உன்ர வியாபாரம் தலைகீழாப் போகும்," என்றாய், சுக்கானைப் பிடித்தபடி.

எஞ்சினை நிறுத்தினாய். நம் அடியில் தண்ணீர் வெளிர்நீலமாக மாறியது. தாயின் முதுகு. அந்த நீலம் முடியவேயில்லை. கனடாக்காரர் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எதிர்ப்பக்கத்தில் ஒரு படகு குட்டியின் மேலேயே ஏறிவிடும்போல வந்தது. நீ கத்தினாய். அந்த இரைச்சலில் எவருக்குக் கேட்கும்?

சட்டென்று உன் சிவப்புச் சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி உயர்த்தினாய். வலை கிடக்கிறது என்பதற்கான குறி. நம் கடலில் அதைக் கண்டு நிறுத்தாதவன் இல்லை. சிக்கினால் வலையும் போச்சு, எஞ்சினும் போச்சு. ஒவ்வொன்றாக இரைச்சல் அடங்கியது. இரண்டு படகுகளுக்கு இடையால் குட்டி வழுக்கிக்கொண்டு வெளியேறியது. அதற்கு அப்பால் தாய் எழும்பி ஊதியது.

கரையில் மற்றப் படகுகளின் ஓட்டிகள் காத்து நின்றார்கள்.

"எங்கயடா வலை?"

"வலை இல்லை. பொய்தான் சொன்னனான்."

"கடலில போறவன் சொல்லுற பொய்யாடா இது? இனி உன்ர குறியை ஆர் நம்புறது?"

"ஓம். நம்ப ஏலாதுதான்."

ஏதாவது சொல்லிச் சமாளிக்க நான் வாயெடுத்தேன். கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டாய்.

அடுத்த பருவத்தில் புல்மோட்டைப் பக்கம் மீன்பிடிக்கப் போய், உண்மையாகவே வலை விரித்துவிட்டுச் சட்டையை உயர்த்தினாய். ஒரு படகு நிறுத்தாமல் வலையைக் கிழித்துக்கொண்டு போனது. பொலிசுக்குப் போவோம் என்று நான் குதித்தேன்.

"விடு மச்சான். அவன் என்னைப் பொய்யன் எண்டு நினைச்சிட்டான், அவ்வளவுதான். குட்டி போயிட்டுதுதானே," என்றாய், கிழிசலுக்குள் கையை விட்டபடி.

நான் எதற்கும் விலை போட்டுப் பழகியவன். இப்போது தாயும் குட்டியும் என்றால் தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தச் சொல்கிறேன். வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள், சிலர் வேறு படகு பார்த்துக்கொள்கிறார்கள். போகட்டும், ஆள் போனால் ஆள் வரும். உன் சொல்லுக்கு இருந்த நம்பிக்கை அப்படித் திரும்பி வரவில்லை. வராது என்று தெரிந்துதான் அந்தச் சட்டையைத் தூக்கினாய். நானென்றால் தூக்கியிருப்பேனா? ஒவ்வொரு பங்குனியும் படகைத் தள்ளும்போது இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன், மச்சான். இன்னும் ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை.