ஒரு லிட்டர் தண்ணீர்

ஜூலை 8, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. மீனுவுக்கு நான்கு முறை வாந்தி, பேதிக்குக் கணக்கே இல்லை. மூன்று வயது வயிற்றுக்குள் இவ்வளவு எங்கிருந்துதான் வருகிறதோ! ப்ளே ஸ்கூலில் பாதிப் பிள்ளைகளுக்கு இதேதானாம். மடியில் லேப்டாப், மீட்டிங். காலடியில் வாளி. ரகு ஆபீஸ் வேலையாகப் பெங்களூரில். போனில் உபதேசம்: "தண்ணி குடுத்துக்கிட்டே இரு." பெரிய கண்டுபிடிப்பு.

வாங்க: டயாப்பர், வாழைப்பழம், ஓ.ஆர்.எஸ்.

ஜூலை 9, செவ்வாய்
எப்போதும் வாங்குவது சின்னப் பாக்கெட், டம்ளருக்கு ஒன்று. இன்று கடையில் பெரியதுதான் இருந்தது. அதையும் ஒரு டம்ளரில் கரைத்தேன். பெரிய பாக்கெட் என்றால் சத்தும் கூடத்தானே.

வேலைக்கு வரும் சுரேகா துடைப்பத்தோடு எட்டிப் பார்த்து, "தாயி, ஏக் லிட்டர் பானி மே" என்றாள். தாயி என்றால் மராத்தியில் அக்கா; மீனுவுக்கு அவள் மௌஷி, சித்தி. ஒரு லிட்டரில் கரைக்க வேண்டுமாம், அங்கன்வாடியில் சொல்லிக் கொடுத்தார்களாம். எம்.டெக் படித்தவளுக்கு இவள் பாடம் எடுக்கிறாள். உன் வேலையைப் பார் என்றேன்.

"உவ்வே, உப்பு" என்று மீனு துப்பினாள். மூக்கைப் பிடித்து ஊற்றினேன். மூன்று டம்ளர்.

ஜூலை 10, புதன்
மோசம். "தண்ணி, தண்ணி" என்று ஒரே அழுகை. வெறும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று திரும்பவும் அதையே கொடுத்தேன். மதியம் கண் சொருகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை. சுரேகாதான் அவளைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடி ஆட்டோ பிடித்தாள்.

உப்பு அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்றார் டாக்டர். யார் கலக்கியது என்று கேட்டார்.

"பாய்தான்" என்றேன். வேலைக்காரிக்கு இங்கே அதுதான் பெயர்.

சுரேகா பக்கத்தில்தான் நின்றாள், தோளில் மீனுவின் வாந்தி. என்னை ஒருமுறை பார்த்தாள். திட்டினார் டாக்டர், அவளைத்தான். கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஜூலை 11, வியாழன்
ட்ரிப்ஸ் ஏறுகிறது. பிழைத்துக்கொள்வாளாம். ரகு வந்துவிட்டான்.

"அவள மொதல்ல நிறுத்து. போலீசுக்குப் போகாம விடறதே பெருசு."

மூன்று முறை வாயைத் திறந்தேன். சொன்னால் ஆயுசுக்கும் குத்திக் காட்டுவான். அவள் எப்படியும் போகிறவள், இவனோடு நான் குடித்தனம் பண்ண வேண்டாமா? நல்ல நியாயம், வெட்கங்கெட்ட நியாயம்.

அபார்ட்மெண்ட் சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் அவள் பெயரைப் போட்டான் ரகு. மாலைக்குள் அவள் வேலை செய்யும் மற்ற மூன்று வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். கேட்டில் உள்ளே விடும் பட்டியலிலும் பெயர் நீக்கம். இந்த வாக்கட் ஏரியாவில் இதெல்லாம் அரை நாள் வேலை.

ஜூலை 13, சனி
வீட்டுக்கு வந்தோம். கொஞ்சம் வெயில். தொட்டியில் பாத்திரம் மலையாக. மீனு தயிர்சாதம் நான்கு வாய்.

சுரேகா கேட் வரை வந்து குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாளாம், வாட்ச்மேன் சொன்னான். எரிச்சலாக வந்தது. நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா!

ஐந்தாவது வாய்க்கு மீனு வாயைத் திறக்கவில்லை.

"சுரேகா மௌஷி எங்கம்மா?"

"வர மாட்டா."

"ஏன்?"

"நீ சும்மா சும்மா வாந்தி எடுத்தேல்ல, அதான் போயிட்டா."

வாயில் வந்துவிட்டது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

மீனு எழுந்து போய் என் போனைக் கொண்டுவந்து நீட்டுகிறாள்.

"இனிமே வாந்தி எடுக்கவே மாட்டேன்னு மௌஷிகிட்ட சொல்லும்மா."