என் லைசென்ஸில் வண்டி ஓட்டும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மேலே 'அன்புள்ள' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன், பார். பழக்கத்தில் கை எழுதிவிட்டது.

நானும் அம்மாவும் இங்கே சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று தொடங்குவதுதான் முறை. அம்மா சுகம்தான். முழங்கால் வலியும் குறையவில்லை, பேச்சும் குறையவில்லை. என்னைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் சுகத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவிடம் வளவளவென்று பேசுகிற உன் போன், அவள் என் கையில் கொடுத்ததும் சிக்னல் இல்லாமல் போய்விடுகிறது. கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. கிழித்துப் போடுவதானாலும் நீ படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

என் வேலை போய்விட்டது. முதலாளி நல்ல மனிதர், அப்படி நேரடியாகச் சொல்லவில்லை. "உங்க லைசென்ஸ் விவகாரம் சரியாகற வரைக்கும் கிரவுண்டுக்குள்ள கால் வைக்காதீங்க மாஸ்டர்" என்றார். பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனைக் கிரவுண்டுக்குள் வராதே என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நீயே சொல்.

நடந்தது இதுதான். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டார்கள் என்று, பயிற்சியாளர்கள் எல்லோரும் லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போய் அவரவர் பதிவின் நகலை வாங்கி வரச் சொன்னார் முதலாளி. எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் பைக் பழக வருகிற ஒவ்வொருவருக்கும் கடைசி நாளில் நான் நடத்துகிற பாடமே அதுதான். கார்டு கையில் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள், அலுவலகப் பதிவில் உங்கள் பெயர் சரியா, பிறந்த தேதி சரியா, எந்த வண்டிக்கு அனுமதி, எதுவரை செல்லும் என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள் என்பேன். ஊருக்கெல்லாம் சொன்ன நான் என்னுடையதை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் என் கார்டை வாங்கி எண்ணைத் தட்டிவிட்டு, திரையில் தெரிந்த பெயரைப் படித்தார். உன் பெயர். "அது என் தம்பி மேடம், மாத்தி எடுத்துட்டீங்க" என்றேன். "உங்க கார்டுல இருக்கிற நம்பர்தான் சார் அடிச்சேன்" என்று கார்டை என் பக்கம் திருப்பினார். கார்டிலும் உன் பெயர்தான் இருந்தது. நீ விமானம் ஏறிப் போன நாளிலிருந்து உன் லைசென்ஸைத்தான் என் பர்ஸில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

இத்தனை வருடம் எப்படித் தெரியாமல் போகும் என்று அந்த அம்மாளும் கேட்டார். நாம் இரட்டைப் பிள்ளைகள் என்று சொன்னேன். ஒரே நாளில் படம் எடுக்கப் போனதையும், வீட்டில் இருந்த ஒரே நல்ல சட்டையில் நான் எடுத்து முடித்து, அதையே கழற்றி உனக்குக் கொடுத்ததையும் சொன்னேன். பர்ஸின் பிளாஸ்டிக் உறை வழியாகத் தெரிவது முகம் மட்டும்தான். சாலையில் நிறுத்துகிற போலீஸ்காரர் படத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், போ என்பார். தன் முகத்தையே எவன் சந்தேகப்படுவான்? டிரைவிங் ஸ்கூலில் இருக்கும் நகல், நான் வேலையில் சேர்ந்த புதிதில் கொடுத்தது. அப்போது என்னுடையது என்னிடம் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. உன் கார்டில் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும்தான் அனுமதி. மறந்திருக்க மாட்டாய். தரையில் போட்ட எட்டைச் சுற்றி ஓட்டச் சொன்னபோது பாதியில் காலை ஊன்றிவிட்டுப் பேய் அறைந்த மாதிரி நின்றாயே, கியர் வண்டியில் தோற்று ஸ்கூட்டரில் தேறினாயே, அந்த லைசென்ஸ். ஆகவே இத்தனை காலம் நான் கியர் வண்டி ஓட்டியதும், கற்றுக்கொடுத்ததும் எல்லாமே அனுமதி இல்லாமல். என்னை நம்பிப் பணம் கட்டியவர்கள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

என் சொந்த லைசென்ஸைத் தேடச் சொன்னேன். அது வெளிநாட்டில் ஒப்படைக்கப்பட்டு, அதற்குப் பதிலாக அதே பெயரில் அந்த நாட்டு லைசென்ஸ் கொடுக்கப்பட்டுவிட்டதாம். இங்கே இனிச் செல்லாதாம். ஒப்படைத்த மகராசன் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அங்கிருந்து வந்த தாள்களோடு உன் உறுதிமொழிப் பத்திரமும் இருந்தது. நமக்கு அப்பா ஒருவர், பிறந்த தேதி ஒன்று, வீடு ஒன்று, முகமும் ஒன்று. பெயர்தானே இடித்தது? அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறாய். உன் பாஸ்போர்ட்டில் இருப்பது சான்றிதழ்ப் பெயர், லைசென்ஸில் இருப்பது வீட்டில் கூப்பிடும் பெயர், இரண்டும் உன் ஒருவனையே குறிக்கும் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நான் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கும்போதே என்னை உன் செல்லப் பெயராக ஆக்கிவிட்டாய்.

கிளம்புகிற அவசரத்தில் மாறிப்போய்விட்டது என்று எனக்குக் காது குத்தாதே. மாற்றி எடுத்தவன், தெரிந்த அன்றே தபாலில் திருப்பி அனுப்புவான். நீ பத்திரம் எழுதினாய். சின்ன வயதில் என் பெயரைச் சொல்லி ஆசிரியரிடம் தப்பிப்பாய், அடி எனக்கு விழும். அதை விளையாட்டு என்று விட்டது என் முட்டாள்தனம்.

வழி இரண்டு என்றார் அந்த அம்மாள். நடந்ததை நீயே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் என் பதிவு எனக்குத் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் நான் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழகுநர் லைசென்ஸ், வண்டியில் எல் போர்டு, மறுபடியும் எட்டு. தேறினாலும் நான் புது லைசென்ஸ்காரன்தான். சில வருடங்களுக்கு அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க முடியாது. "தம்பி மேல எழுத்துல புகார் குடுத்தாத்தான் நாங்க மேற்கொண்டு ஏதாவது செய்ய முடியும்" என்றும் சொன்னார்.

நீ எழுதினால் உனக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. அங்கே லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் பார்சல் கம்பெனி வேலை போகும். வேலை போனால் அந்த நாட்டில் இருக்கவே விட மாட்டார்கள். போகட்டும். பெண்டாட்டி பிள்ளையோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேர். இந்த மாதம் முடிவதற்குள் உன் கடிதம் வரவில்லையென்றால் என் புகார் போகும். அண்ணன் சும்மா மிரட்டுகிறான் என்று நினைத்துவிடாதே.

மேலே உள்ளதை எழுதிப் பல நாள் ஆகிறது. உறையில் போட்டும் ஒட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அன்றைக்கு அம்மா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். யாருக்குக் கடிதம் என்று கேட்டாள். உன் செல்லப் பிள்ளையின் லட்சணத்தைக் கேள் என்று முழுவதையும் சத்தமாகப் படித்தேன். சில இடங்களில் கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். படித்து முடித்ததும் அழுவாள், உனக்குப் பரிந்துகொண்டு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அவன் எடுக்கலடா. நான்தான் எடுத்து அவன் பையில வச்சேன்" என்றாள்.

வயதானவள், கண் சரியாகத் தெரியாமல் மாற்றி வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபமெல்லாம் இறங்கிவிட்டது. "விடும்மா, ரெண்டும் ஒரே படம், யாருக்குத்தான் அடையாளம் தெரியும்" என்று சமாதானம் சொன்னேன். அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நான் பெத்ததுல எது எதுன்னு எனக்கா தெரியாது? படத்துல நீ வாயை இறுக்கிட்டு நிப்ப. அவன் யாரோ அடிக்க வர்ற மாதிரி பார்த்துட்டு நிப்பான். பார்த்துத்தான் எடுத்தேன்" என்றாள்.

கியர் வண்டி லைசென்ஸ் இல்லாமல் அந்தக் கம்பெனியில் சேர்க்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியுமாம். அங்கே போய்ப் பரீட்சை கொடுத்துத் தேறிவிடுவேன் என்று நீ எங்களிடம் மார் தட்டினாய். நான் நம்பினேன், அவள் நம்பவில்லை. "சின்னவன் மறுபடி தோத்துட்டு வந்து நின்னா அப்புறம் எந்திரிக்கவே மாட்டான். நீ எப்படியும் பொழச்சுக்குவ. போனா நீ இன்னொன்னு வாங்கிக்குவன்னு நினைச்சேன். உனக்குத்தான் எல்லாம் மொதல் தடவையிலேயே வந்துடுமே" என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னா குடுத்திருப்பியா?" என்றாள்.

கொடுத்திருக்க மாட்டேன். உனக்கும் அது தெரியும்.

நீ அங்கே போய்ப் பையைத் திறந்து பார்த்துவிட்டு போனில் அழுததையும், திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னதையும், வேண்டாம் என்று அவள் தடுத்ததையும் சொன்னாள். கார்டை வைத்தது அவள், சரி. சத்தியம் செய்தது நீ. அதை அவள் தலையில் கட்ட முடியாது.

அதற்குப் பிறகு நான் அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலையில் வெளியே போகிற செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "என்னை அந்த ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போ. நான்தான் மாத்தி வச்சேன்னு சொல்றேன். என்ன வேணா செஞ்சுக்கட்டும்" என்றாள். எதில் கூட்டிப் போவது? வண்டி எடுக்க எனக்குத்தான் அனுமதி இல்லையே. பஸ்ஸில் போனோம். வரிசையில் அவளால் நிற்க முடியவில்லை, வலித்தாலும் உட்காரவும் மாட்டேன் என்றாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே ஒப்பித்துக்கொண்டு வந்தாள். எங்கள் முறை வந்தது. "என்ன சார், புகாரா?" என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள். அம்மா வாயைத் திறப்பதற்குள், புதுசாகப் பழகுநர் லைசென்ஸுக்கு விண்ணப்பம் வேண்டும் என்று கேட்டுவிட்டேன்.

இப்போது எல் போர்டு ஒட்டிய வண்டியில் போகிறேன். போன வாரம் சிக்னலில் என்னிடம் பழகிய நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். "யாருக்கு மாஸ்டர் சொல்லிக் குடுக்கறீங்க?" என்று என் பின் சீட்டைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. முதலாளி இரக்கப்பட்டு வண்டிகளைக் கழுவித் துடைக்கிற வேலை கொடுத்திருக்கிறார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கழுவுகிறேன், அந்தப் பக்கம் எனக்குப் பிறகு வந்த ஒருவன் தப்புத் தப்பாகக் கிளட்ச் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறான்.

இதை உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக் கண்ணைக் கசக்காதே. உன்னை நான் மன்னிக்கவில்லை. உன்னைத் துரத்தினால் நீ இந்த வீட்டுக்குத்தான் வருவாய், தினமும் காலையில் உன் மூஞ்சியில் நான் விழிக்க வேண்டும். கண்ணாடியில் பார்க்கிறதே எனக்குப் போதும். பணம் கிணம் அனுப்பாதே, அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மழையிலும் நீதான் முதலில் பார்சலைச் சேர்க்கிறாய் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டாயாம். அதை நிறுத்து. அங்கே நீ எங்காவது விழுந்து கிடந்தால், உன் பையில் இருக்கிற கார்டைப் பார்த்துவிட்டு, போனில் அம்மா என்று இருக்கிற எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். அவள் எடுப்பாள். உங்கள் மகன் என்று என் பெயரைச் சொல்வார்கள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அவன் இங்கேதானே இருக்கிறான் என்று சொல்ல வாயெடுப்பாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிடும். அந்த நேரத்தில் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியாதடா.

மெதுவாகப் போ. பார்சல் தாமதமாகச் சேர்ந்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள். ஹெல்மெட் வாரை இறுக்கிப் போடு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவுக்குப் போன் பண்ணு, அந்த நேரத்துக்கு நான் வெளியே போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்