லட்டுவின் எமகண்டம்

செப். 2, செவ்வாய்

வெயில். இலை அசையவில்லை. அச்சுக் கம்பெனியில் அடுத்த வருஷ தினசரி காலண்டருக்குப் புரூஃப் திருத்தினேன். நாள் முழுக்க ராகுகாலம், எமகண்டம், குளிகை. கண் எரிச்சல். இந்த டைரியும் கம்பெனியில் கழித்துப் போட்டதுதான். தேதி சரி, கிழமை எல்லாம் ஒருநாள் தள்ளி. கிழமையை நானே அடித்து எழுதிக்கொள்கிறேன்.

மாலை எங்கள் நாய் லட்டுவுடன் நடை. வேன் ஸ்டாப் பாலத்தடியில் அந்தத் தெருநாய்க் கூட்டம் மறுபடி பாய்ந்து வந்தது. தலைவி ஒருத்தி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பொட்டுக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். லட்டுவின் பின்னங்காலில் பல் இறங்கிவிட்டது. ரத்தம். நான் போட்ட கூச்சலில்தான் விட்டாள். மாட்டு ஆஸ்பத்திரி, ஊசி, மருந்து. தையல் வேண்டாமாம்.

என் வீட்டுக்காரர் லட்டுவின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தெருவுல நாயோட மல்லுக்கட்ட நமக்கென்ன தலையெழுத்து? ஆனைக்குட்டத்துத் தம்பிட்ட பேசிட்டேன். மக்காச்சோளத்துல பன்னி எறங்குதாம், காவலுக்கு நாய் வேணுங்கான். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிருவான்.”

லட்டு, பன்றிக்குக் காவல்! மிக்ஸி போட்டாலே கட்டிலுக்கடியில் போகிற பிள்ளை. மகன் பெங்களூரில் வளர்த்தது, துபாயில் வேலை கிடைத்ததும் இங்கே விட்டுப் போனான். இவர் ஒருநாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஒன் மகன் நாயி.” அவ்வளவுதான்.

சண்டை போடவில்லை. ஞாயிறுக்குள் கடி வாங்காமல் போய்வந்து காட்ட வேண்டும்.

செப். 3, புதன்

கால் வீக்கம் இல்லை. மஞ்சள் வைத்தேன், நக்கித் தீர்த்துவிட்டது. வாங்க வேண்டியது: உளுந்து, குடை (பட்டன் வைத்தது), பழைய கழுத்துப்பட்டைக்கு ஊக்கு.

ஒரு விஷயம் இடிக்கிறது. காலையில் அதே பாலம், அதே பொட்டுக்காரி, அதே லட்டு. வேலைக்குக் கிளம்புமுன் தினமும் போகிறோம். ஒருநாள்கூடச் சண்டை இல்லை. மண்ணில் படுத்தபடி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பாள். மாலையில் மட்டும் ஏன் பேய் பிடிக்கிறது?

என் சந்தேகங்கள்:
லட்டுவின் ஷாம்பு வாசனை? (ஞாயிறுதான் குளியல்.)
வெக்கை?
குட்டி போட்டிருக்கிறாளா? மடி வற்றித்தான் இருக்கிறது.
என் புடவையில் அச்சு மை நாற்றம்? காலையில் இருக்காது, மாலையில் இருக்கும்!

கடைசிச் சந்தேகம் பிடித்துப்போய், வேலை விட்டு வந்ததும் குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு போனேன். பொட்டுக்காரிக்கு என் குளியலில் அக்கறை இல்லை. நேரே வந்தாள். லட்டுவை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக் புதுக் குடையைப் பட்டென்று விரித்தேன். கூட்டம் திகைத்து நின்றது. அற்புதமான சாதனம். என்ன, லட்டுவும் குடையைப் பார்த்து மிரண்டு என் காலைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிட்டது. அப்படியே பின்னால் நகர்ந்து நகர்ந்து வீடு. கடி இல்லை. ஆனால் இதை நடை என்று சொல்ல முடியாது.

மறுபக்கம் மெயின் ரோடு, லோடு லாரிகள். அந்த வழி ஆகாது.

செப். 4, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

லாரி ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்த இவர், கூட வருகிறேன் என்றார். சட்டைப் பையில் பிஜிலி வெடி. “ஒண்ணப் பத்த வச்சுப் போட்டா கூட்டம் சிட்டாப் பறந்திரும் பாரு.” எனக்கும் சரியென்றே பட்டது. பட்டாசு செய்கிற இந்த ஊரில் எதற்கும் முதலில் அதுதானே தோன்றும்.

பொட்டுக்காரி உறுமிக்கொண்டு வந்தாள். இவர் வெடியைப் போட்டார். வெடித்தது. ஒரு நாய்கூட ஓடவில்லை. அது மட்டுமா, குடோன் பின்னாலிருந்து, டீக்கடைக்கு அடியிலிருந்து, வேலிக்குள்ளிருந்து இன்னும் நாய்கள் ஓடி வந்தன. வாலை ஆட்டிக்கொண்டு! இவரைச் சுற்றி நின்று முகத்தைப் பார்த்தன, எதையோ தரப்போகிறவர் மாதிரி.

பறந்தது லட்டுதான். ஊக்கு தெறித்து, பட்டை என் கையில். அந்நேரம் பட்டாசு கம்பெனி வேன் வேறு வந்து நின்றது, இறங்குகிற கூட்டத்தில் லட்டு எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

ஓடை, கருவேலங்காடு, குடோன் சந்து எல்லாம் தேடினோம். எனக்குக் குரல் போய்விட்டது. முள்ளுக்குள் நின்று இவர் கூப்பிடுவது கேட்டது. “லட்டு! ஏ லட்டு! வாப்பா, ஒண்ணுஞ் செய்ய மாட்டேம்ப்பா!” அழுகையிலும் அதைக் கவனித்தேன்.

பிறகு ஃபோன். அடுத்த தெரு மாரியம்மாளின் தங்கை, அந்தப் பட்டாசு வேனில் ஆமத்தூர் வரை போகிறவள். “மதினி, ஒங்க நாயி எங்க சீட்டுக்கடியில தூக்குச்சட்டிகளோட கெடக்கு. வெடவெடன்னு நடுங்குது. பதறாதீக, நான் புடிச்சு வச்சிருக்கேன்.” இவர் பைக்கில் போய், மடியில் வைத்துக் கொண்டுவந்தார். வேட்டியில் ஈரம்.

செப். 5, வெள்ளி

லட்டு கட்டிலுக்கடியில். மோர்சாதம் மட்டும்.

மாலை லட்டு இல்லாமல் நான் மட்டும் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பொட்டுக்காரி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கூட்டம் முழுவதும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் குடோனில் வெளியூர் வியாபாரிகளுக்குச் சாம்பிள் வெடித்துக் காட்டினார்கள். சீசன் அல்லவா, தினமும் இந்நேரம்தான். முதல் வெடிக்கே எல்லா நாய்களும் எழுந்து வாலை ஆட்டின. கொஞ்ச நேரத்தில் வேன். மாரியம்மாளும் மற்றவர்களும் இறங்கி, பாலத்தடியில் தூக்குச்சட்டி மிச்சத்தைத் தட்டினார்கள்.

“தெனமும் போடுவியா?”

“ஆமாக்கா. சோத்தக் கீழ போட மனசு வருமா? வெடிச் சத்தங் கேட்டாலே எங்க வேன் வந்திரும்னு அதுகளுக்குக் கணக்கு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, நெற்றியில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. நாங்கள் வெடி போட்டு நாயை விரட்டவில்லை, பந்திக்கு அழைத்திருக்கிறோம். பந்தி தொடங்குமுன் வெளியூர்க்காரன் ஒருவனை இலை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் பொட்டுக்காரி என்ன செய்வாள்? நானாக இருந்தாலும் கடித்திருப்பேன்.

தின்று முடித்ததும் அதே பொட்டுக்காரி மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டாள். ஒரு ஆட்டுக்குட்டி அவள் வாலைத் தாண்டிப் போனது.

ஆக, லட்டுவுக்கு:
வேன் வருமுன் எமகண்டம்.
வேன் போனபின் நல்ல நேரம்.

இத்தனை வருஷம் ஊருக்கே நேரம் சரிபார்த்துக் கொடுக்கிறேன். வீட்டு நாய்க்குப் பார்க்கத் தெரியவில்லை.

செப். 6, சனி

மேகம், தூறல் இல்லை. கழுத்துப்பட்டை புதிது, நெஞ்சோடு சேர்த்து மாட்டுவது. இவர்தான் வாங்கி வந்தார். “சும்மா கடைப்பக்கம் போனேன்.”

வேன் போனபின் கிளம்பினோம். கயிறு என் கையில், குடை இவர் கையில். நாய்களின் கண்ணைப் பார்க்காமல், ஓடாமல், ரோட்டின் அந்த ஓரமாக. பொட்டுக்காரி தலையைத் தூக்கினாள். எழுந்து வந்து லட்டுவின் பின்பக்கம் நெடுநேரம் மோந்தாள். லட்டு கல் மாதிரி நின்றது. தும்மினாள், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

(வேன் சீட்டுக்கடி வாசனை இன்னும் ஒட்டியிருந்ததா? அதனால்தான் விட்டாளா? குளிப்பாட்டிப் பார்த்தால்தான் தெரியும். இப்போது வேண்டாம்.)

வீடு வரை கடி இல்லை. சந்தோஷத்தில் அடைக்கு அரைத்தேன்.

“தம்பிக்கு ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டீகளா?”

“குடுத்த வாக்க எப்பிடி மாத்தச் சொல்லுத? அவன் கூண்டெல்லாம் அடிச்சு வச்சிருக்கான்.”

அடை இறங்கவில்லை.

செப். 7, ஞாயிறு

காலையிலிருந்து கரண்ட் இல்லை. பாதி அரைத்த சட்னி மிக்ஸியில். புழுக்கம்.

கொழுந்தனார் பைக்கில் வந்துவிட்டார். கையில் சங்கிலி, சாக்கு. “என்ன மதினி, சௌக்கியமா இருக்கீகளா? நாயி எங்கன?”

நான் வாயைத் திறக்குமுன் இவர் வாசலுக்குப் போனார். வாக்கு மாறாத மனுஷன். தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு, முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னார்: “இல்லடா. வியாழக்கிழமை வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிப்போச்சு. காடெல்லாம் தேடிட்டோம்.”

கட்டிலுக்கடியிலிருந்து லட்டு குரைத்தது. இரண்டு தடவை, கணீரென்று.

“டி.வி. ஓடுது” என்றார் இவர்.

கொழுந்தனார் சுற்றாமல் நிற்கிற ஃபேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“காப்பி போடட்டுமா?” என்றேன்.